மூன்றாம் மேசை

அறிவித்தலை முதலில் படித்தது
கை துடைத்த ஒருவர்தான்.

பழைய பத்திரிகையைச் சதுரமாக வெட்டி
தகர டப்பாவில் அடுக்குவது என் வேலை.
கிரிக்கெட், மரண அறிவித்தல், மணமகள் தேவை,
எல்லாவற்றிலும் எண்ணெய் ஒரே மாதிரித்தான் ஊறும்.
அன்று துறைமுகக் கிளார்க் அருளம்பலம்
குழம்பு விரலோடு கடதாசியை விரித்துப் பிடித்து
"மௌஜூத், இது உங்கட கடை இலக்கம்தானே?" என்றார்.
கொம்பனித்தெரு. சந்தின் பெயர்.
இலக்கம் நாற்பத்தேழு, நாற்பத்தேழின் கீழ் ஒன்று,
பொதுத் தேவைக்காக
என்பதோடு கத்தரிக்கோல் நின்றிருந்தது.
மீதி வசனம்
வேறு யாரோ கையைத் துடைத்து
கூடைக்குப் போய்விட்டது.

நானா கூடையைக் கவிழ்த்தார்.
அரை மணித்தியாலம் கடையே குனிந்து தேடியது.
திகதி கிடைத்தது.
தொகை கிடைக்கவில்லை.

பிறகு அளக்க வந்தார்கள்.
நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள்,
பிடித்தேன், வேறென்ன.
பதினொரு அடிக்கு இருபத்தாறு.
வடிகானுக்கு மேல் பலகை போட்ட இடம்
கணக்கில் வராதாம்.
பாதிப் பேர் அங்கேதான் சாப்பிடுவார்கள்.
அளந்த பெடியன்கள் இருவரும்
அந்தக் கணக்கில் வராத இடத்திலேயே குந்தி
பிட்டும் பாபத்தும் கேட்டார்கள்.
அவர்கள் தின்னாத ஒரு ரோல்ஸையும்
பில்லில் சேர்த்து எழுதினேன்.
இந்த முழு விவகாரத்தில்
நான் செய்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

சாவிக்காசு கொடுத்ததற்குத் துண்டு இல்லை.
கொடுத்தவரும் மௌத், வாங்கியவரும் மௌத்.
நானாவுக்குத் தெமட்டகொடையில் பன்னிரண்டாம் மாடி.
லிஃப்ட் ஓடினால் வீடு, ஓடாவிட்டால் மலை.
"டிக்கோயாக்காரன் நான், ஏறிக் காட்டவா?" என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
லாச்சியைப் பூட்டினார். திறந்தார். மறுபடி பூட்டினார்.

கடைசி இரவு
ஒலிவாங்கியோடு இரண்டு பேர் வந்தார்கள்.
ஆவணமாம்.
கொத்துத் தகட்டுக்கு மேலே ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.
கமெரா என்று நினைத்துத் தவேந்திரன்
தலைசீவி வந்து வெட்டினான்,
பிறந்ததிலிருந்து வெட்டாத வேகத்தில்.

இப்போது அங்கே நாற்பத்தொரு மாடி.
மூன்றாவதில் ஒரு உணவகம்,
எங்கள் சந்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்,
எழுத்து மட்டும் இங்கிலீஷ்.
நான் சாப்பிடப் போகவில்லை.
முதுகில் சதுரப் பை, கையில் ஃபோன்,
ஓடர் எடுக்கப் போனேன்.
சேவை வழி பின்பக்கம்.
எடுக்க வருபவர்களுக்குக் கதிரை இல்லை.

உள்ளே தவேந்திரன்.
மேல்மாடிக்காரர்கள் உறங்க வேண்டுமென்று
தகட்டுக்கு அடியில் ரப்பர்,
அவனைச் சுற்றி இரட்டைக் கண்ணாடி.
இரண்டு கத்தியும் ஏறி இறங்குகின்றன,
தொட்டி மீனின் வாயைப் போல.
சத்தம் கூரையிலிருந்து வருகிறது.
கை ஓரிடத்தில் விழ,
டக் என்பது கொஞ்சம் தள்ளி விழுகிறது.
நான் அவனைப் பார்த்துத் தலையசைத்தேன்.
அவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான், அந்தச் சத்தத்துக்கு நடுவில்,
"மூணாம் மேசைக்குப் பிளேன்டீ ரெண்டு,
ஒண்ணுக்குச் சீனி வேணாம்!"

நான்.
தொண்டை கிழியக் கத்துகிறேன் கூரையிலிருந்து.
யாருக்கு? சீனி வேண்டாமென்றது யார்?
அருளம்பலத்தார் அன்று வந்திருந்தாரா?
அந்தத் தேத்தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தேனா,
அல்லது நானா கூப்பிட்டு
கதிரைகளை லொறியில் ஏற்றச் சொன்னது
அதற்கு முன்பா?

யாரும் திரும்பவில்லை.
"பதினெட்டு நிமிசத்துக்கு ஒருக்கா வரும்,"
என்றாள் கவுண்டரில் நின்ற பிள்ளை,
"அந்தக் கத்துற ஆள் இப்ப எங்கயோ?"
தெரியாது என்றேன்.
பொதியைச் சூடாக வாங்கிக்கொண்டு திரும்பினால்
என் வலக்கை, என்னைக் கேட்காமலே,
இரண்டு விரலைத் தூக்கிக் காட்டியபடி நிற்கிறது,
மூன்றாம் மேசை இருந்திருக்கக்கூடிய திசையில்.

அங்கே லிஃப்ட்.
கதவு திறந்தது.